ஒப்பந்தத்தில் இடம்பெறாத மூன்றாமவர்
இணையத்தள வடிவமைப்புத் தொழில் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

பிற நிறுவனங்களுக்காக ஒப்பந்த அடிப்படையில் இணையத்தளங்களை அமைத்துக் கொடுக்கும் முகவர் நிறுவனங்கள் இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் இயங்குகின்றன. பாவனையாளரை மையமாகக் கொண்டே தாம் வடிவமைப்பதாக அவை ஏறக்குறைய ஒரே குரலிற் கூறுகின்றன. ஒரு தளத்தை நாடி வரும் சாதாரண மனிதர், தாம் வந்த கருமத்தைத் தடுமாற்றமின்றி முடித்துச் செல்லுமாறு அதன் பக்கங்களையும் படிமுறைகளையும் சொற்களையும் ஒழுங்குபடுத்தும் கலையே பாவனையாளர் அனுபவ வடிவமைப்பு எனப்படுவது. இக்கலைக்கு இன்று கோட்பாடுகள் உள்ளன, பாடநூல்கள் உள்ளன, பட்டங்களும் பதவிப் பெயர்களும் உள்ளன. அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றி டொனல்ட் நோர்மன் எழுதிய நூல் 1988 இல் வெளிவந்தது. அவர் 1993 இல் அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தபோது பாவனையாளர் அனுபவம் என்னும் தொடரைத் தமது பதவிப் பெயரிலேயே இணைத்துக்கொண்டார். அன்றுதொட்டு மூன்று தசாப்தங்கள் கழிந்துவிட்டன.

இவ்வளவு கல்வியும் இவ்வளவு கருவிகளும் இருந்தும், ஒரு விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்ய முனையும் முதியவர் பாதிவழியில் மனஞ்சோர்ந்து விலகிச் செல்வது ஏன்? ஒரு சந்தாவை நிறுத்த விரும்புபவர் பக்கம் பக்கமாக அலைக்கழிக்கப்படுவது ஏன்? இவ்வினாவுக்குத் தொழில்துறையினர் வழக்கமாக அளிக்கும் விடைகள் இரண்டு. வடிவமைப்பாளரின் திறமை போதாது என்பது ஒன்று. பிறர் துன்பத்தை உணரும் பரிவு போதாது என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் குறையைத் தனிமனிதரின் மூளையிலோ இதயத்திலோ தேடுகின்றன. ஆகவே பரிகாரமும் பயிற்சி வகுப்புகளாகவும் கருத்தரங்குகளாகவும் புதிய கருவிகளாகவுமே அமைந்துவிடுகின்றது.

இந்நோய்நாடல் தவறானது. முகவர் நிறுவனத்தின் பணியில் பாவனையாளரின் அனுபவம் வரைமேசைக்கு வருமுன்னரே பெருமளவிற்குத் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. அதனைத் தீர்மானிப்பது ஒப்பந்தமாகும். அவ்வொப்பந்தத்திற் கையொப்பமிடுவோர் இருவர்: பணம் கொடுக்கும் வாடிக்கையாளர் ஒருவர், பணம் பெறும் முகவர் மற்றவர். தளத்தைப் பயன்படுத்தப்போகும் மூன்றாமவருக்கு அதில் இடமில்லை.

2

ஒரு வேலைத்திட்டம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைப் படிப்படியாக நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகும். முதலில் வாடிக்கையாளர் கேள்விப்பத்திரம் கோருகின்றார். இத்தனை பக்கங்கள், இன்னின்ன வசதிகள், இன்ன திகதியிற் பூர்த்தி என அதில் வரையறுக்கப்படுகின்றது. முகவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு விலை கூறுகின்றனர். இந்தக் கட்டத்தில் எந்தப் பாவனையாளரும் சந்திக்கப்படவில்லை. அவருடைய தேவை யாதென எவரும் வினவவில்லை. ஆயினும் தளத்தின் உருவமும் விலையும் காலமும் முடிவாகிவிடுகின்றன. நோயாளியைக் காணாமலே மருந்துப் பட்டியலுக்கு விலை பேசி முடிக்கும் வைத்தியத்தை ஒப்பது இது.

விலையைக் குறைக்கவேண்டிய நெருக்கடி எழும்போது முதலில் வெட்டப்படுவது பாவனையாளர் ஆய்வேயாகும். ஆய்வின் விளைவு கண்ணுக்குப் புலனாவதில்லை. பக்கங்களின் எண்ணிக்கையோ எண்ணிக் காட்டக்கூடியது. ஆய்வு வெட்டப்பட்ட இடத்தை நிரப்புவதற்குக் கற்பனைப் பாத்திரங்கள் அழைத்துவரப்படுகின்றன. 1999 இல் அலன் கூப்பர் தமது நூலொன்றில் அறிமுகப்படுத்திய இம்முறை, உண்மையான மனிதரை ஆராய்ந்து பெற்ற அறிவைச் சில மாதிரி மனிதரின் உருவிலே தொகுத்துக் கூறுவதற்கென எழுந்தது. ஆய்வு நீங்கியபின் எஞ்சுவது வெறுங்கற்பனையே. கூட்ட அறையில் அமர்ந்து, முப்பத்துநான்கு வயதுடைய ஒரு பெண்ணுக்குப் பெயரும் தொழிலும் புகைப்படமும் விருப்பு வெறுப்புகளும் சூட்டி, அவளுக்கு இத்தளம் பிடிக்கும் என முடிவுசெய்துகொள்கின்றனர். தன்னைப் படைத்தவருக்கு மாறாக ஒரு சொல்லும் பேச இயலாத பாத்திரம் அது. நல்ல நாவலாசிரியனுடைய பாத்திரங்களுக்கு உள்ள சுதந்திரம்கூட அதற்கு வாய்ப்பதில்லை.

அடுத்து, பக்கங்களின் அமைப்பைக் கோடுகளாலும் கட்டங்களாலும் காட்டும் வரைவுகள் வாடிக்கையாளரின் ஒப்புதலுக்கு அனுப்பப்படுகின்றன. அவர் கையொப்பமிட்டதும் அவை சட்டத்தன்மை பெறுகின்றன. பின்னர் ஒரு குறை தெரியவந்தாலும் அதனைத் திருத்துவது மாற்றக் கோரிக்கை எனப்பட்டு மேலதிகக் கட்டணத்துக்குரியதாகின்றது. ஆகவே குறையைக் கண்டறிவதில் இரு தரப்புக்கும் அக்கறை இராது. கண்டறிந்தால் வாடிக்கையாளருக்குச் செலவு; இலவசமாகத் திருத்தினால் முகவருக்கு நட்டம். ஈற்றில், தளம் வெளியிடப்படுவதற்குச் சில நாள்களின் முன் சோதனை நடைபெறுகின்றது. அப்பொழுது கண்டறியப்படும் எதனையும் திருத்துதற்கு நேரமுமில்லை, பணமுமில்லை. தளம் வெளியிடப்படுகின்றது. முகவர் இறுதிப் பட்டியற்பணத்தைப் பெற்று அடுத்த வேலைக்குச் செல்கின்றார். பாவனையாளர் முதன்முதலாக உள்ளே நுழைவது அதன் பின்னரேயாகும்.

இந்த வரிசைமுறையின் ஆபத்து நேற்றுத் தெரியவந்ததன்று. பெரிய மென்பொருள் முறைமைகளை உருவாக்குவது குறித்து 1970 இல் வின்ஸ்டன் றோய்ஸ் எழுதிய கட்டுரை, படிக்குப் பின் படியாக இறங்கிச் செல்லும் இம்முறையைப் படம் வரைந்து காட்டியது; அவ்வாறே அதனைப் பின்பற்றுவது தோல்வியை வரவழைக்கும் என்றும் எச்சரித்தது. தொழில்துறை அப்படத்தைப் பேணிக்கொண்டது, எச்சரிக்கையைக் கைவிட்டது. அப்படம் விலை கூறுவதற்கு வசதியாக இருந்ததே காரணம் எனலாம்.

3

ஒப்பந்தமே அனுபவத்தைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் சான்றாகும்.

வாகனங்களை வாடகைக்கு விடும் ஹேர்ட்ஸ் நிறுவனம் தனது இணையத்தளத்தையும் கைத்தொலைபேசிச் செயலிகளையும் புதிதாக அமைக்கும் பொறுப்பை 2016 இல் அக்சென்ஷர் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2017 டிசம்பரில் வெளியாகவிருந்த தளம் 2018 ஜனவரிக்கும் பின்னர் ஏப்ரிலுக்கும் பின்போடப்பட்டது, ஏப்ரிலிலும் வெளிவரவில்லை. 2019 ஏப்ரிலில் ஹேர்ட்ஸ் நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தான் செலுத்திய 3 கோடி 20 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட கட்டணத்தை மீளக் கோரியது. அக்சென்ஷர் குற்றச்சாட்டுகளை மறுத்தது. யார் கூறியது சரி என்பது ஈண்டு எடுத்துக்கொண்ட பொருளன்று. முறைப்பாட்டில் விவரிக்கப்பட்ட பிணக்குகளின் தன்மையே நோக்கற்பாலது. பெரிய திரைக்கும் சிறிய கைத்தொலைபேசித் திரைக்கும் பக்கங்கள் அமைக்கப்பட்டனவென்றும், இடைநடுவான கைக்கணினித் திரைக்குரிய அமைப்பு விடுபட்டதென்றும், அதனைச் செய்வதற்கு இலட்சக்கணக்கான டொலர் மேலதிகமாகக் கேட்கப்பட்டதென்றும் ஹேர்ட்ஸ் கூறியது. கைக்கணினியில் வாகனம் பதிவுசெய்ய முனையும் ஒரு பயணிக்கு இது தன் வேலை நடக்குமா நடவாதா என்னும் பிரச்சினை. வழக்கிலோ இது விலைப்பட்டியலின் ஓர் உருப்படி. வழக்காளியும் எதிராளியும் தம் பணத்துக்காக வாதாடினர். பயணிக்காக வாதாட அங்கு எவருமிலர்.

மற்றைய சம்பவம் மேலும் பாரதூரமானது. காப்புறுதியற்ற மக்கள் மருத்துவக் காப்புறுதி பெறுவதற்கென அமெரிக்க அரசு அமைத்த ஹெல்த்கெயார் என்னும் அரச தளம் 2013 ஒக்டோபர் 1 ஆம் திகதி திறக்கப்பட்டது. முதல் நாளில் பதிவை முடித்தோர் அறுவர் மட்டுமே எனப் பின்னர் காங்கிரஸ் குழுவொன்று வெளியிட்ட ஆவணங்கள் காட்டின. வேலை பல ஒப்பந்தக்காரரிடையே பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு மனிதர் செல்லும் வழி முழுவதையும் சேர்த்துச் சோதித்தது திறப்புக்கு முந்திய இரு வாரங்களிலேயே என ஒப்பந்தக்காரர் காங்கிரசின் முன் சாட்சியமளித்தனர். காப்புறுதித் திட்டங்களைப் பார்வையிட விரும்புபவர் முதலிற் கணக்கொன்றைத் திறந்தாக வேண்டும் என்ற முடிவு, வாசலிலேயே நெரிசலை உண்டாக்கிற்று. ஒவ்வொரு ஒப்பந்தக்காரருக்கும் தன் பகுதி பற்றிய கடப்பாடு இருந்தது. முழு வழியையும் நடந்து செல்லும் மனிதர் பற்றிய கடப்பாடு எவருக்கும் இருக்கவில்லை. இத்தனை நிறுவனங்களில் ஒன்றிலாவது திறமையான வடிவமைப்பாளர் இல்லாமலா போயினர்?

4

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழுப்பப்படலாம்.

பணம் கொடுப்பவரே தீர்மானிக்க உரியவர். முகவர் அவருக்குக் கட்டுப்பட்டவர் என்பது முதலாவது. வணிக நியாயப்படி இது சரியாகத் தோன்றலாம். ஆயின் கட்டடம் எழுப்புபவரும் பணம் கொடுப்பவருக்குக் கட்டுப்பட்டவரே. எனினும் தீ பரவும்போது வெளியேறும் வழியை விட்டுவிடுமாறு உரிமையாளர் பணித்தால் நேர்மையான கட்டடக்கலைஞர் அதற்கு இணங்கமாட்டார். கட்டடத்திற் குடியிருக்கப்போகும் மூன்றாமவருக்காகச் சட்டமும் தொழில் ஒழுக்கமும் அவருக்குத் துணைநிற்கின்றன. இணையத்தள வடிவமைப்பாளர் பெரும்பாலும் அத்தகைய துணையின்றியே நிற்கின்றார். இது இருக்கும் நிலையைக் கூறுகின்றதேயன்றி அந்நிலை நியாயமானது என நிறுவுவதில்லை.

ஆய்வு செலவு மிக்கது என்பது இரண்டாவது மறுப்பு. இதனை ஜேக்கப் நீல்சன் நெடுங்காலத்துக்கு முன்பே மறுத்துள்ளார். அவரும் தோமஸ் லாண்டவரும் 1993 இல் வெளியிட்ட ஆய்வை அடிப்படையாகக் கொண்டு, ஐந்து பேரை அமர்த்திச் சோதித்தாலே ஒரு தளத்தின் குறைகளில் ஏறத்தாழ 85 வீதத்தைக் கண்டுகொள்ளலாம் என அவர் கூறினார். இக்கணக்கு எல்லாத் தளங்களுக்கும் பொருந்தாது எனப் பின்வந்தோர் வாதிட்டனர், அவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஐவர் போதாராயின் பதினைவர் ஆகட்டும். ஒரு பெருந்தளத்தின் செலவோடு ஒப்பிடுகையில் அதுவும் அற்பமே. ஆகவே செலவைக் காரணங்காட்டுவது ஒரு சாட்டு. ஐந்து பேரின் தடுமாற்றத்தைக் கண்டுவிட்டால், கையொப்பமிட்ட வரைவை மாற்றவேண்டி வரும் என்பதே உண்மையான அச்சம்.

பழைய வரிசைமுறை ஒழிந்துவிட்டது, இப்பொழுது யாவரும் சிறுசிறு சுற்றுகளாகச் செய்து திருத்திச் செல்லும் அஜைல் முறையையே கைக்கொள்கின்றனர் என்பது மூன்றாவது மறுப்பு. 2001 பெப்ரவரியில் பதினேழு பேர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திற் கூடி இம்முறையின் பிரகடனத்தை வரைந்தனர். ஒப்பந்தப் பேரத்தைக் காட்டிலும் வாடிக்கையாளரோடு ஒத்துழைப்பதே மேலானது என அது கூறிற்று. நல்லதொரு கொள்கையே. ஆயினும் அப்பிரகடனத்தையும் அதனோடிணைந்த பன்னிரண்டு தத்துவங்களையும் ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர். வாடிக்கையாளர் அதில் மீண்டும் மீண்டும் வருகின்றார். பாவனையாளர் ஒரே ஓரிடத்தில் வருகின்றார், அதுவும் பணியின் வேகத்தைச் சீராகத் தொடரவேண்டியவர்களுள் ஒருவராக. அவர் எதற்கேனும் இணங்கினாரா என வினவவேண்டிய கடமை அங்கு விதிக்கப்படவில்லை. முகவர் நிறுவனங்களில் நிகழ்வது இன்னும் மோசமானது. விலையும் திகதியும் பழையபடி நிலைத்திருக்க, இரு வாரச் சுற்றுகள் மட்டும் புதிதாகப் புகுத்தப்படுகின்றன. ஒரு பெரிய காலக்கெடுவின் இடத்தில் பல சிறிய காலக்கெடுக்கள்; இரவு வேலை முன்போலவே. வடிவமைப்பாளர் சிந்திப்பதற்குப் பெற்றிருந்த சிறு அவகாசமும் இதனாற் பறிபோகின்றது.

5

திறமைக் குறைவே காரணம் எனும் வாதத்தை அடியோடு வீழ்த்துவதற்கு அமேசன் நிறுவனத்தின் வழக்கு ஒன்றே போதுமானது. இது முகவர் நிறுவனமன்று, தன் சொந்த ஊழியரைக் கொண்டே தளத்தை நடத்துவது, வடிவமைப்பிற் கைதேர்ந்தது. அதன் பிரைம் சந்தாவிற் சேர்வது மிக எளிது. விலகுவதோ நான்கு பக்கங்களையும் ஆறு சொடுக்குகளையும் பதினைந்து தெரிவுகளையும் கடந்தே இயன்றது என அமெரிக்க சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. அவ்விலகல் வழிக்கு நிறுவனத்தினுள் வழங்கிய பெயர் இலியட் என்பதாகும். நெடும்போர் பற்றிய ஹோமரின் நெடுங்காப்பியத்தின் பெயர் அது. காப்பியக் கல்வி இவ்வாறும் பயன்பட்டது! 2025 செப்ரெம்பரில், தவறிழைத்ததாக ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டொலர் செலுத்த அமேசன் இணங்கியது. அதில் 150 கோடி பாவனையாளருக்கு மீளளிப்பதற்குரியது.

சேரும் வழியை அமைத்த திறமையே விலகும் வழியையும் அமைத்தது. மனித கவனம் எங்கு தளரும், பொறுமை எங்கு அறும் என்ற அதே அறிவு ஒரு வாசலை அகலத் திறப்பதற்கும் மற்றொரு வாசலை ஒளித்து வைப்பதற்கும் உதவிற்று. இத்தகைய ஏமாற்று வடிவங்களை ஹரி பிரிக்நள் 2010 இல் வகைப்படுத்திப் பெயரிட்டார். அவற்றைக் கட்டுப்படுத்த முடிந்தது பரிவுப் பயிற்சியால் அன்று. வழக்குத் தொடுக்க அதிகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தால். மூன்றாமவருக்காகப் பேசும் உரிமை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தமையாலேயே அது இயன்றது.

6

மாற்றுவழி இல்லை என்று எவரும் கூறுதற்கில்லை. இத்தொழில் மறந்துவிட்ட ஒரு வரலாறு ஸ்கன்டினேவிய நாடுகளில் உண்டு. சிமுலா என்னும் கணினி மொழியை உருவாக்கியோருள் ஒருவரான கிறிஸ்டன் நைகார்ட், 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து பணியாற்றினார். தொழிற்சாலைக்குட் புகும் கணினி முறைமைகளைத் தொழிலாளர் தாமே விளங்கி, அவை குறித்துத் தம் நிலைப்பாட்டை வகுப்பதே அதன் நோக்கமாக இருந்தது. அம்முயற்சியின் வழிவந்ததாக 1975 இல் நோர்வேயின் தொழிற்சங்கச் சம்மேளனமும் முதலாளிமார் சம்மேளனமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. புதிய முறைமைகள் பற்றி அறியவும் கருத்துக் கூறவும் தொழிலாளருக்கு அதனால் உரிமை கிட்டியது. 1981 முதல் 1985 வரை நடைபெற்ற யுட்டோப்பியா திட்டத்தில், அச்சுத்தொழிலாளரும் ஆய்வாளரும் ஒருங்கமர்ந்து, பத்திரிகைப் பக்கம் அமைக்கும் கருவியைத் திட்டமிட்டனர். இல்லாத இயந்திரங்களுக்குக் கடதாசிப் பெட்டிகளாலும் பலகைத் துண்டுகளாலும் மாதிரி செய்து, அவற்றின் முன் நின்று தம் வேலையைச் செய்து பார்த்தனர்.

அத்திட்டத்தின் கருவி சந்தையை வெல்லவில்லை. அதன் வேலைமுறைகளோ இன்று ஒவ்வொரு முகவர் நிறுவனத்திலும் பரவியுள்ளன. கடதாசி மாதிரி செய்தலும், பாவனையாளரோடு பட்டறை நடத்தலும் அங்கிருந்து வந்த சீதனமே. கைவிடப்பட்டது ஒன்றே ஒன்று. ஸ்கன்டினேவியத் தொழிலாளர் சங்கமாக வந்தனர். அவர்கள் மறுத்தால் அம்மறுப்புக்கு விளைவு இருந்தது. இன்றைய பட்டறைக்கு அழைக்கப்படுபவர் சிறு அன்பளிப்பொன்றைப் பெற்று, சில கேள்விகளுக்கு விடையளித்து வீடு திரும்புகின்றார். அவர் சொன்னது ஏற்கப்பட்டதா என்பதை அறியும் உரிமைகூட அவருக்கில்லை. கடதாசியை எடுத்துக்கொண்டு உரிமையை விட்டுவிட்ட இத்தொழில், அதற்குப் பங்கேற்பு என்றும் பெயர் சூட்டிக்கொள்கின்றது.

பிரித்தானியாவில் அரசே பிறிதொரு வழியைக் காட்டியது. 2011 இல் நிறுவப்பட்ட அரச எண்ணிமச் சேவைப் பிரிவு, பல்வேறு அரச தளங்களை ஒன்றாக்கி 2012 ஒக்டோபரிற் புதிய தளத்தை வெளியிட்டது. அரசின் வசதியிலிருந்து தொடங்காது மக்களின் தேவையிலிருந்தே தொடங்கவேண்டும் என்பதைத் தனது வடிவமைப்புக் கொள்கைகளில் முதலாவதாக வைத்தது. 2014 இல் இக்கொள்கை ஒரு தர நியமமாக நடைமுறைக்கு வந்தது. முக்கிய சேவைகள் கட்டங்கட்டமாக மதிப்பிடப்படலாயின. பாவனையாளரைச் சந்தித்து ஆராய்ந்தமைக்கும் இனியும் ஆராயப்போவதற்கும் சான்று காட்டவேண்டியதாயிற்று. அங்கு எல்லாச் சேவைகளும் செம்மையாகிவிட்டன என்று கூறவியலாது. ஆயினும் மூன்றாமவர் ஒரு நிபந்தனையாக்கப்பட்டார் என்பதே அதன் சிறப்பு. வெளி ஒப்பந்தக்காரரும் அந்நிபந்தனையைப் புறக்கணித்துச் செல்வது கடினமாயிற்று.

7

இவ்விவாதம் தொலைதூர நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 1987 இல் நிறைவேறிய பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என விதித்தது. அதற்கமைய இலங்கையின் அரச தளங்கள் மும்மொழிகளில் அமைகின்றன. அவற்றுட் பலவற்றில், ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் அடங்காது வெட்டுண்ட தமிழ்ச் சொல்லையும், தமிழ்ப் பக்கத்தின் நடுவே திடீரென எதிர்ப்படும் ஆங்கிலப் படிவத்தையும், நெடுநாளாகப் புதுப்பிக்கப்படாத அறிவித்தலையும் தமிழ் வாசகர் காண்கின்றனர். இதற்கு மொழிபெயர்ப்பாளரை ஏசுவது வழக்கம். ஆயின் தமிழ்ப் பக்கமும் இருத்தல் வேண்டும் என்று மட்டும் ஒப்பந்தம் கூறுமாயின், இருத்தலோடு அக்கடமை நிறைவேறிவிடுகின்றது. தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் அப்படிவத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை தாமே பூர்த்திசெய்து காட்டல் வேண்டும், அதன் பின்னரே இறுதிக் கட்டணம் வழங்கப்படும் என ஒரே ஒரு வரி சேர்க்கப்படுமாயின், வெட்டுண்ட சொற்கள் வெகுவிரைவில் முழுமைபெறும்.

ஆகவே வேண்டப்படுவன மிகத் தெளிவானவை. விலை பேசுமுன் பாவனையாளரைச் சந்தித்தறியும் ஒரு கட்டம் தனியாக ஒப்பந்தமாதல் வேண்டும். அதன் முடிவைப் பொறுத்தே ஏனைய வேலை வரையறுக்கப்படல் வேண்டும். பக்கங்களை ஒப்படைத்தல் அன்றி, மெய்யான மனிதர் தம் கருமத்தை முடித்தல் என்பதே கட்டணத்துக்குரிய அளவுகோலாதல் வேண்டும். வெளியீட்டுக்குப் பின்வரும் மாதங்களில் திருத்துவதற்கெனப் பணமும் காலமும் முன்கூட்டியே ஒதுக்கப்படல் வேண்டும். பாவனையாளரை ஏமாற்றும் வடிவமொன்றைச் செய்ய மறுக்கும் வடிவமைப்பாளர் வேலையிழக்காதவாறு தொழிற்சங்கமும் தொழில் ஒழுக்கக் கோவையும் அவரைக் காத்தல் வேண்டும்.

இவற்றை ஏற்க விரும்பாத நிறுவனங்கள், பாவனையாளரே தமது மையம் என்னும் தொடரைத் தம் விளம்பரங்களிலிருந்து நீக்கிவிடுதல் நேர்மையாகும். ஒப்பந்தத்தில் ஒரு வரியேனும் பெறாதவரை மையம் என்று அழைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையன்று.